பரசூட் விரிந்த பிறகுதான் வேலை ஆரம்பம்

விமானத்திலிருந்து குதிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவரிடம் நாம் முதலில் கேட்பது, 'பரசூட் விரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?' என்பதுதான். நீண்டகாலம் குதித்தவர்களுக்கு இருக்கும் கவலை வேறு. பிரதான பரசூட் விரியாவிட்டால் முதுகுப் பையிலேயே இன்னொன்று இருக்கிறது. குதிப்பவர் மயங்கிவிட்டாலும் அதைத் தானாக விரிக்கும் கருவியும் இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஐக்கிய அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் கணக்குப்படி, 2023 இல் அந்நாட்டில் நடந்த சுமார் 36 இலட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் உயிரிழந்தோர் 10 பேர். ஆனால் ஆண்டுதோறும் வெளியாகும் விபத்து விபரங்களில் ஒரு வகை திரும்பத் திரும்ப வருகிறது: எந்தக் கோளாறும் இல்லாமல் விரிந்த பரசூட்டுடன் தரையில் மோதியவர்கள்.

இதற்குக் காரணம் இன்றைய பரசூட்டின் அமைப்பு. பழைய வட்டப் பரசூட் குடைபோலக் காற்றைத் தடுத்து மெல்ல இறங்கும். 1960களில் டொமினா ஜல்பேர்ட் என்ற பட்ட வடிவமைப்பாளர் உருவாக்கிய செவ்வக வடிவம் உண்மையில் ஓர் இறக்கை. முன்புறத் திறப்புகளால் காற்று புகுந்து அறைகளை நிரப்ப, அது முன்னோக்கிப் பறக்கிறது. பயிலுநர்களின் பெரிய பரசூட்டே மணிக்கு 30 கிலோமீற்றர் அளவில் செல்லும். ஆகவே தரையிறங்குவது என்பது இயந்திரம் இல்லாத விமானத்தை இறக்குவது போன்றது. இறங்கும் இடம் தவறினால் மேலே எழும்பி இன்னொரு சுற்று வரமுடியாது.

இறுதி நொடிகளில் இரண்டு கைப்பிடிகளையும் சமமாகக் கீழே இழுப்பதை 'ஃபிளேயர்' என்பார்கள். பரசூட்டின் பின்விளிம்பு தாழ, வேகம் தூக்குவிசையாக மாறி, இறங்குவது சில நொடிகளுக்கு ஏறக்குறைய நின்றுவிடும். தொடங்க வேண்டிய உயரம் ஆளின் உயரத்தைப் போல இரு மடங்கு, அதாவது 3 முதல் 4 மீற்றர். பிந்தினால் வேகத்தோடு மோதவேண்டியதுதான். முந்திவிட்டால், பதறிப்போய்க் கைகளை மேலே விடுவதே பெரும் பிழை. பரசூட் உடனே முன்னோக்கிப் பாயும். கைகளை அந்த இடத்திலேயே வைத்திருந்து, தரை நெருங்கியதும் மீதியை இழுத்து, உருண்டு விழத் தயாராக வேண்டும்.

உயரத்தைக் கணிப்பதற்குப் பார்வை முக்கியம். சைக்கிள் பழகும் பிள்ளை முன்சில்லையே பார்த்து ஓட்டுவதுபோல, புதியவர்கள் காலடியையே பார்க்கிறார்கள். சற்றுத் தூரம் முன்னே பார்த்தால்தான் தரை எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பது புரியும். இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு பக்கம் சரிவதாக உணர்ந்ததும் அந்தப் பக்கக் கை தன்னை அறியாமல் தரையை நோக்கி நீளும். கையோடு கைப்பிடியும் இழுபடும். பரசூட் அதே பக்கம் இன்னும் திரும்பும். பலருடைய மணிக்கட்டு முறிவது இப்படித்தான்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தாழ்வான திருப்பம். ஒரு கைப்பிடியை வேகமாக இழுத்தால் பரசூட் சரிந்து குத்தென இறங்கும். மீண்டும் நேராவதற்கு உயரம் வேண்டும். அதனால்தான் சுமார் 1000 அடியில் காற்றோடு பறந்து, 600 அடியில் குறுக்காகத் திரும்பி, 300 அடியில் காற்றை எதிர்கொள்ளும் ஒழுங்கு கற்பிக்கப்படுகிறது. கடைசித் திருப்பத்துக்கு உயரம் போதாவிட்டால், காற்றோடு போனாலும் பரவாயில்லை, நேராகவே இறங்க வேண்டும். பரசூட் சரியாமல் இருப்பது முதலாவது, தடையற்ற வெளி இரண்டாவது, ஃபிளேயர் மூன்றாவது. காற்றின் திசை அதற்கும் பிறகுதான். கட்டடம், மரவரிசை போன்றவற்றின் காற்று மறைவுப் பக்கத்தையும் தவிர்க்க வேண்டும். அவற்றின் உயரத்தைப் போல 10 முதல் 20 மடங்கு தூரம்வரை காற்றுக் குழம்பியிருக்கும்.

இவற்றை மேலேயே பழகலாம். சற்று முன்கூட்டி விரித்து, போதிய உயரம் இருக்கும்போது ஃபிளேயர் பிடித்துப் பார்ப்பது, இரு கைகளையும் பாதி இழுத்த நிலையில் சரியாமல் திரும்புவது, எந்த அளவில் பரசூட் பறப்பதை நிறுத்துகிறது என்று அறிவது எல்லாமே இலவசப் பாடங்கள். அமெரிக்காவில் முதல்நிலை அனுமதிப்பத்திரத்துக்கு 25 குதிப்புகளும், இலக்கிலிருந்து 20 மீற்றருக்குள் ஐந்து தரையிறக்கங்களும் வேண்டும். அதை எடுத்த கையோடு சிறிய பரசூட் வாங்கும் அவசரம் பலருக்கு வருகிறது. உபகரணங்களோடு 190 இறாத்தல் எடையுள்ள ஒருவருக்கு 190 சதுர அடிப் பரசூட் என்பதே புதியவருக்கான எல்லை. பரப்பளவு குறைய வேகம் கூடும், ஒவ்வொரு பிழைக்கும் தண்டனையும் கூடும்.

உருண்டு விழுவதற்கு விமானமே தேவையில்லை. கால்களையும் முழங்கால்களையும் ஒட்டி, சற்று மடக்கி, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கவாட்டு என்ற வரிசையில் அதிர்ச்சியைப் பகிர்ந்து விழ வேண்டும். பயிற்சி நிலையங்களில் இதைத் தாழ்ந்த மேடையொன்றிலிருந்து மெத்தையிலோ மணலிலோ குதித்துத்தான் பழக்குகிறார்கள். நூறு குதிப்புகளைக் கடந்தவர்களும் பருவத்தின் தொடக்கத்தில் அந்த மேடைக்கு ஒருமுறை திரும்பிப் போவது நல்லது.