டிஸ்டார்ஷன் பெடலின் மின்சுற்றுப் படம்

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கிக் கொடுக்கும் பெடல்களில் முதன்முதலாகப் பெருமளவில் விற்பனைக்கு வந்தது, 1962-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன். அதன் பிறப்புக்குக் காரணம் ஒரு பழுது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது மிக்சர் மேசையின் ஒரு பகுதி கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் இசை உறுமலாகப் பதிவானது. பாட்டு 1961-இல் வெற்றி பெற்றதும் மற்றவர்களும் அந்த உறுமலைக் கேட்டு வந்தார்கள். கெட்ட கருவியை நம்பித் தொழில் நடத்த முடியாது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்னும் பொறியாளரோடு சேர்ந்து, அதே விளைவைத் தரும் சிறிய டிரான்சிஸ்டர் சுற்றை உருவாக்கி கிப்சனிடம் கொடுத்தார்.

இந்தச் சுற்றுக்கு இருவரும் 1962-இல் காப்புரிமை கோரினார்கள். 1965 அக்டோபரில் 3,213,181 என்ற எண்ணில் அது கிடைத்தது. காப்புரிமை பெறுபவர் தம் கண்டுபிடிப்பை முழுமையாக வெளியிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சுற்றின் படம் அரசு ஆவணமாகவே பொதுமக்கள் கைக்கு எட்டியது. பின்னாளில் இந்தத் தொழிலைச் சூழ்ந்த ரகசியத்தைப் பார்க்கையில், தொடக்கம் இவ்வளவு வெளிப்படையாக இருந்தது விந்தைதான்.

ஆனால் நகலெடுத்தவர்கள் அந்தத் தாளுக்காகக் காத்திருக்கவில்லை. 1965-இல் லண்டனில் கேரி ஹர்ஸ்ட் செய்த டோன் பெண்டர், ஒரு மேஸ்ட்ரோ பெட்டியை ஆராய்ந்து மாற்றி அமைத்ததன் விளைவு. மறு ஆண்டு ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸின் சுற்று, டோன் பெண்டரின் இரண்டு டிரான்சிஸ்டர் வடிவத்தை ஒத்திருந்தது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு திருகு குமிழ்கள்: மொத்தச் சுற்றும் இவ்வளவே. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பயன்படுத்திய இந்தப் பெடலின் படத்தை அஞ்சல் அட்டையில் வரைந்துவிடலாம். இருந்தும் ஒரே படத்தைப் பார்த்துச் செய்த இரண்டு ஃபஸ் ஃபேஸ்கள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் பெருக்கத் திறனும் கசிவு மின்னோட்டமும் துண்டுக்குத் துண்டு வேறுபடும். அறை சூடானால் ஒலியும் மாறும். படம் இணைப்பைச் சொல்லும்; பொருத்தமான டிரான்சிஸ்டரை அளந்து பொறுக்குவது செய்பவரின் வேலை.

1960, 70-களில் சாதாரண வாசகருக்குப் படம் கிடைத்த வழி மின்னணு இதழ்கள். பாக்கெட் பணத்தில் பாகம் வாங்கி, வீட்டிலேயே சாலிடர் வைக்கும் இளைஞர்களுக்காக ஃபஸ் பெட்டிச் செய்முறைகள் அவற்றில் வெளிவந்தன. 1975-இல் கிரெய்க் ஆண்டர்ட்டன் எழுதிய ‘எலக்ட்ரானிக் ப்ராஜெக்ட்ஸ் ஃபார் மியூசிஷியன்ஸ்’ இந்த அறிவை இசைக்கலைஞரின் மொழியில் ஒரே நூலாகத் தொகுத்தது. மின்பொறியியல் படிக்காதவரும் படத்தைப் படிக்கலாம் என்ற துணிச்சலைத் தந்ததில் இதற்கு இணையான நூல் வேறில்லை.

எழுபதுகளில் ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி ஐசி பெடல்களுக்குள் வந்து சுற்றின் அமைப்பை மாற்றியது. அடிப்படை வேலை ஒன்றே: கிட்டார் அலையைப் பெருக்கி, அதன் முகட்டை டயோடுகளால் வெட்டுவது. டயோடு எங்கே நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. 1978 வாக்கில் அமெரிக்காவின் கலமசூவில் உருவான ரேட் பெடலில் டயோடுகள் வெளியீட்டிலிருந்து தரைக்கு இணைகின்றன. முகடு கூர்மையாக வெட்டுப்படும். 1979-இல் ஜப்பானில் சுசுமு தமுரா வடிவமைத்த டியூப் ஸ்க்ரீமரில் அவை ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில் நிற்பதால் வெட்டு மழுங்கியிருக்கும். இந்த இரண்டு அமைப்புகளும் பிடிபட்டால், அதன்பின் வந்த நூற்றுக்கணக்கான பெடல்களின் படங்களைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பாஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் பழுது பார்ப்போருக்காக அச்சிட்ட சர்வீஸ் குறிப்புகளில் முழுப் படமும் இருந்தது. அவை மெல்ல வெளியே பரவின.

படம் கிடைக்காத பெடலுக்கு இருக்கும் வழி பெட்டியைத் திறப்பதுதான். மின்சுற்றுப் பலகையின் இருபுறத்தையும் படமெடுத்து, ஒன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி மற்றதன்மேல் பொருத்தி, செம்புத் தடங்களைப் பின்தொடர வேண்டும். ஐயமான இணைப்பை மல்டிமீட்டர் தீர்த்துவைக்கும். ரெசிஸ்டரின் மதிப்பை நிறப்பட்டை சொல்லிவிடும். எழுத்தில்லாத கெபாசிட்டரைக் கழற்றித்தான் அளக்க வேண்டும். ஐசியின் பெயரைச் சுரண்டியிருந்தால், எந்தக் காலில் மின்சாரம் வருகிறது என்பதை வைத்து ஊகிக்கலாம். இப்படிப் பிரதியெடுப்பதைத் தடுக்கவே சில தயாரிப்பாளர்கள் பலகைமேல் எபாக்சி ஊற்றினார்கள். பில் ஃபினகன் 1994 முதல் கையால் செய்து விற்ற க்ளோன் சென்டார் இதில் பெயர்போனது. ஏறத்தாழ 8,000 மட்டுமே தயாரான அந்தப் பெடலின் எபாக்சியையும் ஆர்வலர்கள் சுரண்டி எடுத்துப் படம் வரைந்துவிட்டார்கள். அதன் பிறகு நகல்கள் சந்தையில் குவிந்தன; ஃபினகனே 2012-இல் கே.டி.ஆர். என்ற சிறிய வடிவத்தைக் கொண்டுவந்தார்.

சட்டமும் நகலெடுப்போரை அதிகம் தடுக்கவில்லை. பதிப்புரிமை வரைந்த படத்தைக் காக்குமே தவிர அந்தச் சுற்று இயங்கும் முறையைக் காக்காது; அதற்குக் காப்புரிமை வேண்டும். காப்புரிமையோ குறிப்பிட்ட காலத்தில் காலாவதியாகிவிடும். 2005-இல் ரோலண்ட் நிறுவனம் பெரிங்கர்மேல் தொடுத்த வழக்கு, தன் பாஸ் பெடல்களின் வெளித்தோற்றத்தைப் போலச் செய்ததைப் பற்றியதே, சுற்றைப் பற்றியதல்ல.

இன்று பிரபலமான எந்தப் பெடலுக்கும் படம் எளிதில் அகப்படும். எந்தப் படம் சரி என்பதே கேள்வி. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பிக் மஃப் 1969 முதல் பல பதிப்புகள் கண்டது. ஒரே பதிப்புக்குள்ளேயே கையிருப்பில் இருந்த பாகத்துக்கேற்ப மதிப்புகள் மாறின. பெயர் மட்டும் போட்ட படத்தைவிட, எந்த ஆண்டின் எந்தப் பலகையிலிருந்து எடுத்தது என்று குறித்த படத்தை நம்பிச் சாலிடர் வைப்பதே நல்லது.