நாலாவது மூவில் ஒரு குதிரை

ஆன்லைனில் மூணு நிமிஷ பிளிட்ஸ் ஆடுபவரா நீங்கள்? அப்படியானால் இது உங்களுக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். நீங்கள் கறுப்பு. எதிராளி ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார், நீங்களும் தள்ளுகிறீர்கள். அவர் குதிரையைக் கிளப்புகிறார், நீங்களும் பதிலுக்கு எஃப்6-ல் குதிரையை வைக்கிறீர்கள். பெட்ரோவ் டிஃபென்ஸ். 'டிரா ஆட வந்தவன்' என்று கெட்ட பேர் வாங்கிக் கொடுக்கிற, ஆனால் ரொம்பப் பத்திரமான ஆட்டம். அவர் ஈ5-ல் இருக்கும் உங்கள் சிப்பாயை வெட்டுகிறார். நீங்கள் டி6 தள்ளி அந்தக் குதிரையை விரட்டுகிறீர்கள். அது ஒழுங்காகத் திரும்பிப் போய்விடும், நாம் ஈ4-ல் இருக்கும் சிப்பாயை வெட்டிக் கணக்கைச் சரி செய்யலாம் என்று அந்த மூவை முன்கூட்டியே ப்ரீமூவாகவும் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

குதிரை திரும்பிப் போகவில்லை. எஃப்7-ல் வந்து உட்கார்ந்து ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் முறைக்கிறது. உங்கள் ப்ரீமூவ் சமர்த்தாக ஈ4-ல் சிப்பாயை வெட்டுகிறது. ராணி காலி :-)

ப்ரீமூவ் போடாத ஆளாக இருந்தால் ராஜாவாலேயே அந்தக் குதிரையை வெட்டிவிடலாம். வெட்டத்தான் வேண்டும். இப்போது கணக்குப் பார்த்தால் வெள்ளை ஒரு குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாய் வாங்கியிருக்கிறது. குதிரைக்கு மூன்று, சிப்பாய்க்கு ஒன்று என்ற பள்ளிக்கூடக் கணக்குப்படி வெள்ளைக்கு ஒன்று நஷ்டம். லாபம் என்னவென்றால், கறுப்பு ராஜா நகர்ந்துவிட்டது, இனி கேஸ்லிங் கிடையாது. நடுப்பலகையில் வெள்ளைச் சிப்பாய்கள் தடையில்லாமல் முன்னேறலாம். இதற்குக் காக்ரேன் கேம்பிட் என்று பெயர். எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டாலும் 'இது சரியான ஆட்டம் இல்லை, கறுப்புக்குத்தான் சாதகம்' என்று சொல்லும். அப்படியும் தினமும் ஆன்லைனில் யாராவது ஒருவர் யாராவது ஒருவரை இதை வைத்து அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

யார் இந்தக் காக்ரேன் என்று தேடிப் போனால் கதை லண்டனில் ஆரம்பித்து கல்கத்தாவில் போய் நிற்கிறது. இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

ஜான் காக்ரேன் 1798-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், தொழில் வக்கீல். இருபத்தி மூன்று வயதில், 1821-ல், பிரான்சுக்குப் போய் அந்தக் காலத்துச் சூரர்களான தெஷாபெல், லா பூர்தொனே இருவருடனும் மோதினார், தோற்றார். அடுத்த வருஷமே, 1822-ல், செஸ் பற்றி ஒரு புத்தகம் போட்டார். (தோற்ற கையோடு புத்தகம் எழுதும் தைரியம் பிடித்திருக்கிறது.) 1824-ல் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் நடுவே தபாலில் ஒரு செஸ் போட்டி தொடங்கியது. அதில் காக்ரேன் லண்டன் பக்கம். ஆனால் ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்துவிட்டார். போட்டி 1828 வரை இழுத்தது, எடின்பரோ ஜெயித்தது. இன்றைக்கு நாம் 'ஸ்காட்ச் கேம்' என்கிறோமே, அந்தப் பெயர் இந்தப் போட்டியிலிருந்து வந்ததுதான்.

அதற்குப் பிறகு நாற்பத்தி ஐந்து வருஷம் அவருக்குக் கல்கத்தாதான். நடுவில் 1841-லிருந்து 1843 வரை மட்டும் லீவில் லண்டன் போனார். அங்கே ஹவர்ட் ஸ்டாண்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். ஸ்டாண்டன் யாரென்று தெரியாதவர்களுக்கு: இன்றைக்குப் போட்டிகளில் வைக்கிற காய்களின் வடிவத்துக்கு இவர் பெயர்தான். 1840-களில் உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர். மொத்தக் கணக்கில் ஸ்டாண்டன்தான் மேலே, ஆனாலும் காக்ரேன் அவரை நிறைய தடவை அலற விட்டிருக்கிறார். காக்ரேனின் ஆட்டமே அப்படித்தான். காய் போனால் போகட்டும், அடி விழுந்தால் சரி.

லீவு முடிந்து கல்கத்தா திரும்பியவருக்கு ஒரே ஒரு பிரச்சினை. ஆட ஆள் இல்லை. ஸ்டாண்டனோடு மல்லுக்கட்டியவருக்குக் கல்கத்தாவில் இருந்த துரைமார்கள் எம்மாத்திரம்?

இங்கேதான் என்னுடைய ஹீரோ வருகிறார்.

கல்கத்தா செஸ் கிளப்காரர் ஒருவர் நகரத்துக்கு வெளியே போனபோது அங்கே ஓர் ஆளோடு ஆடித் தோற்றுவிட்டு வந்தார். அந்த ஆள் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி பிராமணர். சேதி காக்ரேன் காதுக்குப் போனது. 1848 வாக்கில் இருவரும் ஆட ஆரம்பித்தார்கள். 1850-ல் லண்டன் செஸ் பத்திரிகையில் வந்த ஒரு கடிதம், இங்கே காக்ரேனுக்குச் சமமாக நின்று ஆடக்கூடியவர் இந்தப் பிராமணர் ஒருவர்தான் என்கிறது. பத்திரிகையில் அவர் பெயரை ஒரு இடத்தில் மோகிசுந்தர் என்றும் இன்னொரு இடத்தில் மோகேஸ்சந்தர் என்றும் வாய்க்கு வந்தபடி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் செஸ் டேட்டாபேஸ்களில் ஒரே ஆள் நாலு ஸ்பெல்லிங்கில் கிடக்கிறார்.

மகேஷ் கற்றது நம்ம ஊர் சதுரங்கம். அதன் விதிகள் வேறு. அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். கேஸ்லிங் கிடையாது, அதற்குப் பதில் ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். பிற்காலத்தில் பஞ்சாபிலிருந்து போய் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆன மீர் சுல்தான் கானும் இந்தச் சதுரங்கத்தில் வளர்ந்தவர்தான். (அவருக்கு ஃபிடே அமைப்பு 2024-ல் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அவர் இறந்தது 1966-ல். நல்ல வேகம்!)

இப்போது 1848-ஐ மகேஷ் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். விதிகளே புதுசு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஐரோப்பாவின் பெரிய தலைகளோடு ஆடிய ஆள், புத்தகமே எழுதியவர். சரி, பத்திரமாக ஆடுவோம் என்று குதிரைக்குக் குதிரை வைத்து, டி6 தள்ளினால், துரை நாலாவது மூவில் குதிரையை எஃப்7-ல் தூக்கி வைக்கிறார். பெட்ரோவ் டிஃபென்ஸை ரஷ்யர்களான பெட்ரோவும் யேனிஷும் ஆராய்ந்து பேர் வாங்கிக் கொடுத்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் கல்கத்தாவில் அதன் தலையில் குண்டு போட்டாயிற்று. அந்தக் குண்டுக்குக் காக்ரேன் பெயர் நிலைத்தது. வாங்கியவர் பெயர் அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டில் மட்டும்தான்.

விதி தெரியாதவனைத் துரை ஏமாற்றினார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காக்ரேன் ஸ்டாண்டனிடமும் இதே கைதான் ஆடினார். ஆள் பார்த்து ஆட்டத்தை மாற்றுகிற ரகம் இல்லை. அதைவிட முக்கியமான காரணம், மகேஷ் அடி வாங்கிக்கொண்டே இருக்கவில்லை என்பதுதான். பத்து வருஷத்துக்கு மேல் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்கள். மொத்தத்தில் காக்ரேன் அதிகம் ஜெயித்தார். ஆனால் ஆட்டங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் மகேஷ் செய்த காரியம் அசர வைக்கிறது. நடுப்பலகையில் சிப்பாய்க்குச் சிப்பாய் முட்ட வைக்கிற ஐரோப்பிய பாணியை அவர் பல ஆட்டங்களில் விட்டே விடுகிறார். சிப்பாய்களை ஒரு கட்டம் மட்டும் நகர்த்துகிறார். ஜி6 தள்ளி, மந்திரியை ஜி7-ல் ஒளித்து வைத்து, 'நடுப்பலகையை நீயே எடுத்துக்கோ, அப்புறம் பார்க்கலாம்' என்று காத்திருக்கிறார். சொந்த ஊர்ச் சதுரங்கத்தின் ஒரு கட்டப் பழக்கம்தான் இது என்பார்கள். எஃப்7-ல் வந்து விழும் குதிரைக்கு இந்த அமைப்பில் வேலையே இல்லை!

1855 மே மாதம் நடந்த ஓர் ஆட்டம் இருக்கிறது. காக்ரேன் வெள்ளை. டி4, குதிரை எஃப்6, சி4, ஜி6, குதிரை சி3, டி5. செஸ் படித்தவர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், க்ரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ். வியன்னாக்காரர் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் 1922-ல் இதை ஆடி அலெகைனையே தோற்கடித்துப் பெயர் வாங்கினார். மகேஷ் ஆடியது அதற்கு 67 வருஷம் முன்னால். அந்த ஆட்டத்தில் ஜெயித்ததும் மகேஷ்தான். 1920-களில் ஐரோப்பாவில் இந்த மாதிரி ஓபனிங்குகள் ஃபேஷன் ஆனபோது கிங்ஸ் இந்தியன், குயின்ஸ் இந்தியன் என்று 'இந்தியன்' ஒட்டிக்கொண்டதே, அந்த ஒட்டின் வேர் இங்கே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரருக்குச் சொந்தப் பெயரில் ஓர் ஓபனிங். வங்காளிக்கு ஒரு நாட்டின் பெயர். பானர்ஜி டிஃபென்ஸ் என்று வைத்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

காக்ரேன் 1869-ல் இங்கிலாந்து திரும்பி, 1878-ல் காலமானார். கேம்பிட்டும் பெட்டிக்குள் போய்விட்டது. பெரிய மனிதர்கள் எழுதிய புத்தகங்களில் ஒரு வரி அடிக்குறிப்பு, அவ்வளவுதான். லாட்வியாவில் மிகைல் தாலின் நண்பரான ஆல்விஸ் விடோலின்ஷ் 1970, 80-களில் இதைத் தூசி தட்டி எடுத்து நிஜப் போட்டிகளில் ஆடினார். தால் ஊர்க்காரர்களுக்குக் காய்களைத் தானம் செய்வது பரம்பரைக் குணம் போல.

பிறகு 1999. ஸ்பெயினில் லினாரஸ் போட்டி. உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் மட்டுமே அழைக்கப்படும் இடம். டோபலோவ் வெள்ளை, கிராம்னிக் கறுப்பு. கிராம்னிக் பெட்ரோவ் ஆடுகிறார். பாறை மாதிரி ஆடுபவர் பாறையைத் தேர்ந்தெடுக்கிறார். நாலாவது மூவில் டோபலோவின் குதிரை எஃப்7-ல்! கல்கத்தா கிளப்பில் ஆடியதை 150 வருஷம் கழித்து லினாரஸில் ஆடுவார்கள் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்? கிராம்னிக் அடுத்த வருஷம் காஸ்பரோவையே வீழ்த்தப் போகிற ஆள், அவராலும் அந்த அதிகப்படிக் குதிரையை வைத்து ஜெயிக்க முடியவில்லை. ஆட்டம் டிரா.

'சரியில்லாத' ஆட்டம் எப்படிப் பிழைத்தது? மற்ற முரட்டு கேம்பிட்களில் எதிராளி நாலு சரியான பதில் சொல்லிவிட்டால் புஸ்வாணம். காக்ரேனில் வெள்ளைக்கு அவசரமே இல்லை. ராஜா வெட்டியதும் சாவதானமாக டி4 தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். செக் கூடக் கிடையாது. கறுப்பு இப்போது ஆசைப்பட்டு ஈ4 சிப்பாயை வெட்டினால் ராணி ஹெச்5-ல் வந்து செக். ஜி6 தள்ளி மறைத்தால் ராணி டி5-ல் இன்னொரு செக், ஈ4-ல் இருக்கும் குதிரை திரும்ப வந்துவிடும், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். ராஜாவை ஈ7-க்கு ஓட்டினால் ராணி ஈ2-க்கு வந்து அந்தக் குதிரையை ராஜாவோடு சேர்த்து ஊசியில் கோர்த்துவிடும். பெட்ரோவ் நிபுணர் யூசுபோவ் இந்த வெட்டை ஆபத்து என்கிறார், அமைதியாக ஜி6 தள்ளச் சொல்கிறார். மந்திரி ஜி7-க்கு, யானை ஓரமாக, ராஜா ஜி8-க்கு நடந்தே போய்ச் சேர வேண்டும். கையாலேயே கேஸ்லிங்.

ஒரு மணி நேர ஆட்டத்தில் இது கஷ்டம் இல்லை. மூணு நிமிஷத்தில், ராஜா நடு வீதியில் நிற்க, ஒவ்வொரு மூவுக்கும் 'இப்போ ஏதாவது இருக்கா?' என்று பயந்து பயந்து பார்க்க வேண்டும். பத்தாவது மூவில் கறுப்பின் கடிகாரத்தில் பாதி போயிருக்கும். வெள்ளைக்காரர் இதே நிலையை நூறு தடவை பார்த்தவர், ஜாலியாகத் தள்ளிக்கொண்டிருப்பார். கம்ப்யூட்டர் சொல்கிற சாதகம் பலகையில் இருக்கிறது, கடிகாரத்தில் இல்லை.

ரேட்டிங் ஏற ஏற இது எடுபடாது என்பதும் உண்மை. நல்ல ஆட்டக்காரர் வெட்டிவிட்டு, ஜி6, மந்திரி ஜி7 என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு மீதி ஆட்டத்தை நிதானமாக ஜெயிப்பார். கவனித்தீர்களா, காக்ரேனுக்கு எதிராக யூசுபோவ் சொல்லும் மருந்தும் ஜி6 தள்ளி மந்திரியை ஜி7-ல் உட்கார வைப்பதுதான். 1850-களில் கல்கத்தாவில் ஒருவர் இதைத்தான் திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார்.

வெள்ளையில் முயற்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அஞ்சாவது மூவில் மந்திரியை சி4-ல் வைத்து உடனே செக் கொடுக்கும் ஆசை வரும். எதிராளி பதறி தன் மந்திரியை ஈ6-ல் வைத்தால் உங்களுக்கு யோகம், வெட்டி ராஜாவை நடுப்பலகைக்கு இழுக்கலாம். அவர் டி5 தள்ளினால் அந்த யோகம் போச்சு. டி4-தான் நல்லது. எதிராளி ப்ரீமூவ் போடுகிற ஆசாமியா என்று முதல் மூன்று மூவிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த பதிவு செமஸ்டர் முடிந்த பிறகு.