மேலிருந்து விழும் காற்று

சித்திரை, வைகாசி மாலைகளில் வடக்குப்பட்டுப் பக்கம் மழைக்கு முன்னால் சில நிமிடம் ஒரு காற்று அடிக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் மாதிரி மணிக்கணக்கில் அல்ல. ஆனாலும் கூரைத் தகடு பறக்கும். இது சுழலாது, இடிமேகத்திலிருந்து விழுந்து நாலாபக்கமும் சிதறும்.

இதைக் கண்டறிந்தவர் ஜப்பானியரான ஃபுஜிட்டா. 1945-இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியில் மரங்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்தவர். 1974-இல் அமெரிக்கக் காடொன்றிலும் அதே கோலம். 1975-இல் நியூயார்க்கில் விமானம் விழுந்து நூறு பேருக்கு மேல் மாண்டபோது, காரணம் இக்காற்றே என்றார். பலர் ஏற்கவில்லை. 1978-இல் சிகாகோ அருகே ரேடார் வைத்து நிரூபித்தார். விமான நிலையங்களுக்கு எச்சரிக்கைக் கருவிகளும் வந்தன.

இனி காற்றடித்து ஓய்ந்ததும், மரங்கள் எந்தத் திசைகளில் கிடக்கின்றன என்று பாருங்கள்.