கார் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றுதல்

கார் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றுதல் என்பது, கையால் கியர் மாற்றி ஓட்டும் கார்களின் கியர்பாக்ஸிலிருந்து பழைய எண்ணெயை வடித்துவிட்டு, தயாரிப்பாளர் குறித்த வகை எண்ணெயைக் குறித்த மட்டம் வரை நிரப்பும் பராமரிப்புப் பணி. சிறு கார்களில் சுமார் 2 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். மாற்றவேண்டிய ஃபில்டர் பெரும்பாலும் இருக்காது. பொறுமையும் சரியான கருவிகளும் உள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. இதில் நேரும் சேதம் பெரும்பாலும் இரண்டு பிழைகளால் வருவது: பொருந்தாத எண்ணெயை ஊற்றுவது, மூடிகளைத் தவறான வரிசையில் திறப்பது.

எண்ணெயின் பணி

கியர்பாக்ஸின் பற்சக்கரங்கள் ஓரளவு எண்ணெயில் மூழ்கியபடி சுழல்கின்றன. பெரும்பாலானவற்றில் எண்ணெய் பம்ப் கிடையாது. பற்சக்கரங்களே எண்ணெயை வாரியிறைத்து மேலே உள்ள பேரிங்குகளை நனைக்கின்றன. முன்சக்கர இயக்கக் கார்களில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரென்ஷியலும் வழக்கமாக அதே கூட்டுக்குள் இருப்பதால் ஒரே எண்ணெய் இரண்டுக்கும் பயன்படுகிறது. பின்சக்கர இயக்கக் கார்களில் டிஃபரென்ஷியல் பொதுவாகத் தனியே இருக்கும். அதன் எண்ணெயும் தனி.

கியர் விழும் முன் பற்சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சமப்படுத்துவது சிங்க்ரோனைசர். 1928இல் கேடிலாக் கார்களில் இது அறிமுகமானது. இதிலுள்ள வளையம், பல கார்களில் பித்தளையால் ஆனது, பற்சக்கரத்தின் கூம்பு முகத்தை உரசிப் பிடித்து வேகத்தை இணையாக்குகிறது. எனவே எண்ணெய்க்கு எதிரெதிரான இரு கடமைகள் உண்டு. பற்களுக்கிடையே உராய்வைக் குறைக்க வேண்டும். வளையத்தில் தேவையான உராய்வை விட்டுவைக்கவும் வேண்டும். விலை உயர்ந்த எண்ணெயைவிடக் கையேடு குறித்த எண்ணெயே நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

எண்ணெய் வகைகள்

கியர் எண்ணெய் எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்பதை ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) வகுப்பு காட்டும். ஜிஎல்-4 பெரும்பாலான கியர்பாக்ஸ்களுக்கானது. ஜிஎல்-5, ஹைப்பாய்டு பற்சக்கரங்கள் கொண்ட டிஃபரென்ஷியல்களின் கடும் அழுத்தத்துக்கானது. இதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதல். சூட்டில் இவற்றுள் சில பித்தளையை அரிக்கக்கூடும். வளையத்தின் உரசல் தன்மையும் மாறலாம். ஆகவே 5 என்ற எண் 4-ஐவிட உயர்ந்த தரம் என்று எண்ணி ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றக் கூடாது.

75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 போன்றவை பாகுநிலையைக் குறிப்பவை. இந்த அளவுகோல் எஞ்சின் எண்ணெயின் அளவுகோலிலிருந்து வேறுபட்டது. 90 என்ற கியர் எண்ணெய், சூடான நிலையில், ஏறத்தாழ 40 அல்லது 50 எஞ்சின் எண்ணெயின் பாகுநிலையில்தான் இருக்கும். எல்லாக் கியர்பாக்ஸும் கியர் எண்ணெய் கேட்பதுமில்லை. சில, தானியங்கி கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் திரவத்தில் ஓடுகின்றன. 1959இல் வந்த மினி காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன.

மாற்றும் காலம்

இடைவெளி காருக்குக் கார் மாறும். பல கையேடுகள் 40,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை குறிக்கின்றன. மலைப்பாதையில் ஓடும், கனத்த சுமை ஏற்றும், இழுவண்டி இழுக்கும் கார்களுக்கு முன்னதாகவே மாற்றுவது நல்லது. வெள்ளநீரில் நின்ற காரில், கியர்பாக்ஸின் காற்றுத்துளை வழியே நீர் புகுந்திருக்கலாம் என்பதால், உடனே சோதிக்க வேண்டும்.

செய்முறை

தேவையானவை: எண்ணெய், புதிய வாஷர்கள், பொருந்தும் சாக்கெட்டுகள், டார்க் ரெஞ்ச், ஜாக்கி, ஸ்டாண்டுகள், எண்ணெய் பிடிக்கும் தட்டு, கைப்பம்ப் அல்லது நீண்ட குழாய் மாட்டிய புனல், கையுறை.

1. காரைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்கவும். சூடான எண்ணெய் இளகி முழுமையாக வடியும். கை சுடும் அளவு சூடு வேண்டாம்.

2. கெட்டியான சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, காரை ஸ்டாண்டுகளில் மட்டமாக அமர்த்தவும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையக் கூடாது. முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் எண்ணெய் மட்டம் தவறாகக் காட்டும்.

3. நிரப்புத் துளையின் மூடியை முதலில் திறக்கவும். அது துருவேறி இறுகியிருந்தால், எண்ணெயை வடித்த பின் மீண்டும் நிரப்ப வழியின்றிக் கார் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

4. பிறகு வடிகால் மூடியைத் திறந்து, சொட்டு நிற்கும் வரை வடிய விடவும்.

5. மூடியைத் துடைத்துப் புதிய வாஷருடன் கையால் மரையில் ஏற்றி, கையேடு சொல்லும் முறுக்குவிசைக்கு இறுக்கவும். கூடு அலுமினியமாக இருந்தால், அதிகம் முறுக்கினால் மரை போய்விடும்.

6. புது எண்ணெயை நிரப்புத் துளையின் கீழ்விளிம்பில் வழியும் வரை ஏற்றி, வழிவது நின்றதும் மூடவும். சில கார்களில் அளந்தே ஊற்ற வேண்டும். குறைந்தால் பேரிங்குகள் வறளும். மிகுந்தால் நுரைத்துச் சூடேறி, ஆயில் சீல் வழியே கசியும்.

7. சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, கசிவு உள்ளதா என மறுபடியும் பார்க்கவும்.

பழைய எண்ணெயைப் படித்தல்

பல வடிகால் மூடிகளில் காந்தம் இருக்கும். அதில் படியும் மென்மையான சாம்பல்நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். எஃகுச் சில்லுகள் பல் அல்லது பேரிங் உடைந்ததன் அடையாளம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. எண்ணெயில் மிதக்கும் பொன்னிற மினுமினுப்பு சிங்க்ரோனைசர் வளையம் தேய்வதைச் சொல்லும். பால் கலந்தது போன்ற நிறம் நீர் புகுந்ததைக் காட்டும். தேய்ந்துபோன வளையத்தையோ உடைந்த பல்லையோ புது எண்ணெய் சரிசெய்யாது. அப்போது கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பதே வழி.

பழைய எண்ணெயை அப்புறப்படுத்தல்

இந்தியாவில் பயன்படுத்திய எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டினால் நிலமும் நீரும் கெடும். இறுக மூடிய கலனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையிடம் ஒப்படைத்த பிறகே இந்த வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.