சட்டம் வயசைக் கொடுத்தது, சிரிப்பு வாயைக் கொடுத்தது

நடுவர் அவர்களே! எதிரணியில் முறைத்தபடி உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! வண்டலூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே!

"சிரிப்புக் காதல் நாவல் பொழுதைப் போக்கும், வாழ்க்கைக்கு உதவாது"ன்னு எதிரணி அம்மா ஒரே போடாப் போட்டாங்க. அய்யா, 1985லேர்ந்து இந்த ஊர்ப் பூங்காவுல புலி இருக்கு, சிங்கம் இருக்கு. ஆனா குழந்தைகளோட குடும்பம் நகராம நிக்கிறது எங்கே? குரங்குக்கிட்டதான்! (சிரிப்பு) சிரிப்பு இருக்கிற இடத்துலதாங்க குடும்பம் நிக்கும்.

கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம். காதல் கதைக்கு முதல்ல என்ன வேணும்? கல்யாணம் ஆகாத, விவரம் தெரிஞ்ச ஒரு பொண்ணு வேணும். நூறு வருஷத்துக்கு முன்னால பல வீடுகள்ல அந்தப் பொண்ணு ஏது? பாவாடை கட்டத் தெரியுமுன்னே தாலி கட்டிட்டாங்களே! 1929ல சாரதா சட்டம் வந்து, 1930 ஏப்ரல்ல அமலாச்சு. பெண்ணுக்கு 14, பையனுக்கு 18. மீறினவங்க நிறைய. ஆனாலும் கொஞ்சங்கொஞ்சமா, படிக்கத் தெரிஞ்ச, கல்யாணமாகாத பொண்ணு கூடத்துல உட்கார ஆரம்பிச்சா. அவ கைக்கு ஒரு பத்திரிகையும் வந்தது. 1928ல எஸ்.எஸ்.வாசன் வாங்கி நடத்திய ஆனந்த விகடன்!

அந்த விகடன்ல எழுதியவர் தேவன். 1913ல திருவிடைமருதூரில் பிறந்த ஆர். மகாதேவன். 1957ல, 43 வயசுலேயே மறைந்துவிட்டார். அவர் நாவல்களோட பேரைப் பாருங்க. மைதிலி, மாலதி, கல்யாணி, மிஸ் ஜானகி. எல்லாம் பொண்ணு பேரு! இன்னொண்ணு 'கோமதியின் காதலன்'. அவன் பேரு என்னங்க? தலைப்புல இல்லை! (கைதட்டல்) இன்னார் மகள், இன்னார் சம்சாரம்னு பெண்ணை அடையாளம் சொன்ன நாட்டுல, ஓர் ஆம்பளைக்குப் பொண்ணு பேரால அடையாளம்! 1955ல அது படமாச்சு. டி.ஆர்.ராமச்சந்திரனும் சாவித்திரியும் நடிச்சாங்க.

எங்க பெரியம்மாவைப் பெண் பார்க்க வந்தாங்க. பிடிக்கலைன்னு நேரா சொல்ல முடியுமா? அடி விழும். ராத்திரி பாட்டிகிட்ட, "அம்மா, அவரு தொடர்கதையில வர்ற அசட்டு மாப்பிள்ளை மாதிரியே இருக்காரும்மா"ன்னாங்க. பாட்டியும் அந்தத் தொடர்கதையைப் படிக்கிறவங்க. பக்கத்தைக் கிழிச்சு பைண்டு பண்ணி வச்சவங்களே அவங்கதான். சிரிச்சுட்டாங்க. சிரிச்ச வாயால எப்படிங்க கட்டாயப்படுத்துறது? அந்தச் சம்பந்தம் நின்னுபோச்சு. காதல்னு சொன்னா அரிவாள் எடுக்கிற வீட்டுல, சிரிப்புன்னு சொல்லி உள்ளே நுழைஞ்ச சமாசாரம் இதுதான்.

கல்யாண ஆடம்பரத்தை எதிர்த்துக் கட்டுரை எழுதினா யார் படிப்பா? 1963ல சாவி 'வாஷிங்டனில் திருமணம்' எழுதினார். கோபுலு படம் போட்டார். நம்ம ஊர்க் கல்யாணத்தை அமெரிக்காவுல கொண்டுபோய் வச்சதும், நம்ம அமர்க்களம் நமக்கே தெரிஞ்சது. சம்பந்திகளே சிரிச்சாங்க!

"நாவல் கல்யாணத்தோட முடியுது, கஷ்டம் அதுக்கப்புறம்தானே ஆரம்பிக்குது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் வரதட்சணை ஒழியலை. நாவல் மட்டும் ஒழிச்சிடுமா? ஒழிக்காது. ஆனா, "எனக்குப் பிடிக்கணும்"னு ஒரு பொண்ணு வீட்டுல சொல்றதுக்கு அது வார்த்தை கொடுத்தது.

14ல ஆரம்பிச்ச கல்யாண வயசு 1978ல 18 ஆச்சு. வயசைக் கொடுத்தது சட்டம். வாயைக் கொடுத்தது அந்தச் சிரிப்புக் கதை. ஆகவே, அவை வாழ்க்கைக்குத் துணையே என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)