சிட்னியில் பிறந்த காற்று

1980 ஜூன் மாதம். சிட்னியில் ஒரு நோயாளிக்குக் கழுத்தில் துளை போடச் சொல்லியிருந்தார்கள். தூங்கும்போது தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நிற்கும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்கு அன்றைக்கு நம்பகமான வைத்தியம் அது ஒன்றுதான். பகலில் துளையை அடைத்துக்கொண்டு, ராத்திரி திறந்து வைத்துத் தூங்க வேண்டும். டாக்டர் காலின் சல்லிவன் அதற்கு மாற்றாக ஒன்றைச் செய்து பார்த்தார். வாக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்று ஊதுகிற மாதிரி திருப்பி, ஒரு குழாய் வழியாக மூக்கு மாஸ்க்கில் இணைத்தார். ஊதிய காற்று தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடித்தது. மறு வருடம் ஐந்து நோயாளிகளின் அனுபவம் ‘லான்செட்’ இதழில் வெளியானது.

ஆரம்பத்தில் மாஸ்க்கை ராத்திரிதோறும் முகத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். பிறகு வார்ப்பட்டை வந்தது, காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி வந்தது, மோட்டார் சத்தம் அடங்கியது. சீபேப் மெஷின் என்று பெயர் பெற்ற இந்தக் கருவி இன்று ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான்.

அரக்கோணத்தில் எங்கள் வீட்டில் அது அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. தொட்டிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை பேட்டரி கடையில் வாங்குகிறோம். ஃபில்டரை எடுத்துத் தட்டினால் சாம்பல் நிறத்தில் தூசி உதிரும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அப்பா ரயில்வேயில் நைட் டியூட்டி பார்த்தவர். இது ரயில் ஊர். இங்கே தூக்கம் சொந்த விஷயம் மட்டுமல்ல. 2016இல் அமெரிக்காவின் ஹோபோக்கன் நிலையத்தில் ரயில் மோதி ஒரு பெண் இறந்தார். ஓட்டுநருக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தது விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த நோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய குறட்டையைக் கேலி பேசி ஒதுக்கும் வீடுகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாஸ்க் அழுத்துகிறது, வாய் காய்கிறது, “ஆபரேஷன் பண்ணிட்டா இதைத் தூக்கிப் போட்டுடலாமாப்பா?” என்று அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். உள்நாக்கையும் மென்னண்ணத்தில் கொஞ்சத்தையும் வெட்டும் ஆபரேஷன் பல காலமாக நடக்கிறது. அதில் குறட்டை அடங்கியும் மூச்சு நிற்பது தொடரலாம். சத்தம் போய்விட்டதால் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கத்தில் மூச்சைக் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடியை மறுபடி எடுத்தே ஆக வேண்டும். இரண்டு தாடைகளையும் வெட்டி முன்னால் நகர்த்துவது நல்ல பலன் தரும், ஆனால் பெரிய ஆபரேஷன். நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சில் பதிப்பதற்கு 2014இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது நமக்குக் கட்டுப்படியாகிற செலவில்லை. டான்சில் வீங்கிய குழந்தைகளுக்கு என்றால் ஆபரேஷன்தான் பெரும்பாலும் முதல் வழி. பெரியவர்களுக்குத் தொண்டை எந்த இடத்தில் மூடுகிறது என்று, மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, உள்ளே கேமரா விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அப்பாவுக்கு மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது. அதை மட்டும் இப்போது நேராக்கலாம் என்றிருக்கிறோம். அதனால் நோய் தீராது, மெஷினும் போகாது. மூக்கடைப்பு குறைந்து, காற்றின் அழுத்தத்தையும் குறைக்க முடிந்தால், மாஸ்க்கை விடியும்வரை கழற்றாமல் தூங்குவார். இதை ஈ.என்.டி. டாக்டர் அப்பாவிடமே நேராகச் சொன்னார். தேதி குறிக்கச் சொல்லிவிட்டார் அப்பா.