டைனமோவுக்குப் பின்னால் ஒரு பச்சை

1984ஆம் ஆண்டு. எனக்கு 17 வயது. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவருடைய மொரிஸ் மைனர், ரிங் மாற்றுவதற்கு வந்திருந்தது. எஞ்சினை இறக்கி, பகுதி பகுதியாகக் கழற்றி, புளொக்கைக் கழுவி வர்ணம் பூசும் வேலை என்னிடம் தரப்பட்டது. பாதி டிரம் தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்துச் சூடாக்கி, தும்புக் கட்டையால் தேய்த்துக் கழுவினேன். முப்பது வருட ஒயிலும் மண்ணும் கரைந்து ஓடின. வர்ணமும் பெரும்பாலும் போய்விட்டது. மூலைகளில் மட்டும் கடுகுச் சாந்து போன்ற ஒரு மஞ்சள் பழுப்பு ஒட்டியிருந்தது. அதுதான் பழைய நிறம் என்று நம்பி, ஸ்ரான்லி வீதிக் கடையில் எனாமல் வாங்கி வந்து, மூலையிலிருந்த நிறத்துக்கு ஒப்பாகக் கலந்து, இரண்டு கை பூசினேன். அழகாகத்தான் காய்ந்தது.

ஓவசியர் ஐயா வந்தார். பொனற்றைத் தூக்கினார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தம்பி, உது என்ர எஞ்சின் இல்லை. ஆற்றையோ எஞ்சினைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்."

"இல்லை ஐயா, உங்கடைதான். நம்பரைப் பாருங்கோ."

புளொக்கின் வலது பக்கம் டைனமோ பூட்டும் இடத்துக்கு மேலே உள்ள தகட்டு நம்பரையும், அவர் கையிலிருந்த புத்தகத்தில் இருந்த நம்பரையும் நான் வாசித்துக் காட்டினேன். இரண்டும் ஒன்று. அவர் தலையை ஆட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. புதுக் காராக வாங்கி, ஒவ்வொரு ஞாயிறும் பொனற்றைத் திறந்து தண்ணீரும் ஒயிலும் பார்த்தவர். அவருக்கு அந்த எஞ்சின் பச்சை. நான் கொடுத்தது வேறு ஒருவருடைய எஞ்சின்.

கராஜை நடத்திய பெரியண்ணை என்னை ஏசவில்லை. கழற்றி வைத்திருந்த டைனமோப் பிடியை எடுத்து, அதன் பின்புறத்தில் காய்ந்துபோன கிறீஸை விரலால் துடைத்துக் காட்டினார். காஸ்டிக் படாத இடம். உள்ளங்கையில் பாதி அளவு, ஆழ்ந்த பச்சை.

"மூலையிலை மஞ்சளாக் கிடந்தது கலர் இல்லையடா. அது செத்த கலர்" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் பல வருடங்களுக்குப் பிறகே எனக்கு விளங்கியது. அக்காலப் பச்சை எனாமல்களில் பல, இரண்டு நிறப்பொடிகளைச் சேர்த்துச் செய்தவை: குரோம் மஞ்சள், பிரஷ்யன் நீலம். பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. காஸ்டிக் பட்டால் அது சிதைந்து, இரும்புத் துரு போன்ற பழுப்பாகிவிடும். நீலம் இறந்தபின் மிஞ்சுவது மஞ்சளும் பழுப்பும். அந்தப் பிணத்தைப் பார்த்துத்தான் நான் உயிருள்ள நிறத்தைக் கலக்க முயன்றிருக்கிறேன். அன்றிலிருந்து எந்தப் புளொக்கிலும், உண்மை நிறம் எங்கே பதுங்கியிருக்கிறது என்று பார்த்து முடிக்கும்வரை காஸ்டிக் தொடுவதில்லை.

அந்தப் பச்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மொரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபோது அதற்குள் இருந்தது மொரிஸின் பழைய 918 சிசி சைட் வால்வ் எஞ்சின். 1952இல் ஒஸ்ரினும் மொரிஸின் நஃபீல்ட் குழுமமும் இணைந்து பிஎம்சி என்ற ஒரே கம்பனியாயின. அதே ஆண்டு மைனருக்குள் ஒஸ்ரினின் 803 சிசி ஏ சீரிஸ் எஞ்சின் குடியேறியது. அது அதற்கு முந்திய வருடம் ஒஸ்ரின் ஏ30க்காக வந்த எஞ்சின். 1956இல் 948, 1962இல் 1098 என்று வளர்ந்தது. இந்த எஞ்சின்களைத்தான் பிஎம்சி பச்சை என்று இன்று எல்லோரும் அழைக்கும் நிறத்தில் பூசினார்கள். என் கண்ணில் பட்டவரையில் 803உம் 948உம் இருண்ட பச்சை, 1098 ஒரு படி வெளிறியது. பின் அச்சுக்குக் கறுப்பு, அதில் குழப்பமில்லை.

எனக்கு இன்றும் ஆதங்கமான விடயம் ஒன்று உண்டு. உடம்பின் நிறத்தைக் கம்பனி எழுதி வைத்தது. ஐம்பதுகளின் மைனர்களில் கார் நம்பரின் முன்னால் ஐந்து குறிகள் இருக்கும். எஃப்ஏஇ21 என்றிருந்தால்: எஃப் மைனர், ஏ நாலு கதவு, இ பச்சை, 2 வெளிநாட்டுக்கு அனுப்பும் வலக்கைக் கார், 1 எந்த வகை வர்ணம் பூசப்பட்டது என்பது. காரைக் காணாமலே அதன் மேனியைச் சொல்லிவிடலாம். எஞ்சின் நம்பரில் அப்படி ஒன்றும் இல்லை. 9எம்-யூ-எல் என்று தொடங்கினால் 948 சிசி மைனர் எஞ்சின் என்றும், கடைசி எல் குறைந்த அமுக்கம் என்றும் தெரியும். எச் என்றிருந்தால் கூடிய அமுக்கம். நிறத்துக்கு எழுத்தே இல்லை. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்ததைக் கொண்டாட, ஊதா நிறத்தில் சுமார் 350 கார்கள் செய்தார்கள். அந்த ஊதாவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எஞ்சின் பச்சை, பொனற்றுக்குள்ளேயே கிடந்துவிட்டது.

ஒரே கம்பனி ஒரே எஞ்சினை இரண்டு நிறத்தில் பூசியதும் உண்டு. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்குள் இருந்த 1489 சிசி பி சீரிஸ் பச்சை. 1955இல் வந்த எம்ஜிஏ என்ற விளையாட்டுக் காருக்குள் அதே 1489 சிசி மரூன். ஆகவே கேம்பிரிட்ஜில் மரூன் புளொக்கைக் கண்டால், அதை எவரோ எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறார்கள் அல்லது பிறகு பூசியிருக்கிறார்கள் என்று நான் சந்தேகிப்பேன்.

இந்தக் கார்கள் எங்கள் ஊரில் நிலைத்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடை வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருந்ததைக் காப்பாற்றுவதே வழி. தெற்கில் அதன்பின் யப்பான் கார்கள் நிறைந்தன. எங்களுக்கு வேறு கதை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத்து நின்றது. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலின் மூடியில் துளை போட்டு, காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் பீச்சி ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எல் எழுத்துள்ள எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. எச் எழுத்துள்ளவை தட்டித் தட்டி இருமின. எரியாத மண்ணெண்ணெய் காபரேற்றர் பக்கமாக வழிந்து, புளொக்கின் இடப்புறப் பச்சையைக் கழுவிக் கழுவி எடுத்துவிட்டது. அந்த வருடங்களைக் கடந்த எஞ்சின் எதிலும் அந்தப் பக்கத்தில் தொழிற்சாலைப் பூச்சை நான் கண்டதில்லை. வலது பக்கம், டைனமோவுக்கும் டிஸ்ரிபியூட்டருக்கும் பின்னால், கிறீஸ் மூடிக் காப்பாற்றியிருக்கும். அழுக்கைத் திட்டக்கூடாது என்று பழகும் பொடியன்களுக்கு நான் சொல்வது அதனால்தான்.

சில வருடங்களுக்கு முன் லண்டனிலிருந்து ஒருவர் வந்தார். தகப்பனுடைய மைனரை, வாங்கிய நாளில் இருந்ததுபோல் ஆக்கித் தரவேண்டும் என்றார். எஞ்சினில் சாம்பல் அலுமினிய வர்ணம் இருந்தது, தூரிகையால் பூசியது. சுரண்டினால் கீழே பொன் நிறம்.

"பாருங்கோ அண்ணை, இதுதான் ஒரிஜினல். தங்கக் கலர். அப்பா சொல்லுறவர்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவருடைய அப்பா பொய் சொல்லவில்லை. பிஎம்சி, தேய்ந்த எஞ்சினை வாங்கிக்கொண்டு, தொழிற்சாலையில் புதுப்பித்த எஞ்சினை மாற்றாகக் கொடுத்தது. கோல்ட் சீல் என்று பெயர். பொன் நிறம் பூசி வரும். ஆக அதுவும் கம்பனி நிறம்தான், ஆனால் காரோடு பிறந்த எஞ்சினின் நிறமில்லை. புத்தகத்திலிருந்த எஞ்சின் நம்பர் வேறு, புளொக்கிலிருந்த நம்பர் வேறு. இதை அவருக்கு மெல்லச் சொன்னேன். பச்சை பூசினால் வாங்கிய நாளின் தோற்றம் வரும். பொன் பூசினால் அப்பா சொன்னது நிற்கும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பொன்னே இருக்கட்டும் என்றார். நான் சந்தோஷமாகப் பூசினேன். அந்த எஞ்சினுக்குப் பொன்தான் உண்மை.

நிறம் எடுக்கும் முறை இதுதான். கிறீஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இரவு முழுக்க மூடி வைப்பேன். காலையில் மூங்கில் சிம்பால் மட்டும் நீக்குவேன், இரும்பு வேண்டாம். தெரியும் பச்சையின் மேற்தோல் சூட்டாலும் ஒயிலாலும் பழுத்து ஒலிவ் நிறமாய் இருக்கும். கட்டிங் கொம்பவுண்ட் தொட்ட பஞ்சால் ஒரு ரூபாக் குற்றி அளவு இடத்தை மெதுவாகத் தேய்த்தால், பழுப்பு விலகி உள்ளே குளிர்ந்த பச்சை வரும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு தேய்ப்பில் இரும்பு தெரிந்துவிடும். பிறகு காலை ஒன்பது மணி வெயிலில், இடத்தை நனைத்தும் காயவைத்தும் ஒப்பிடுவேன். குரோம் மஞ்சள் என்பது ஈயக் குரோமேற், இக்கால வர்ணங்களில் பெரும்பாலும் அது இல்லை. வேறு பொடிகளால் கட்டிய பச்சை ரியூப் லைற்றின் கீழ் அச்சாகப் பொருந்தும், முற்றத்துக்குக் கொண்டுவந்தால் நீலம் காட்டும். இங்கிலாந்தில் பலர் பிரிட்டிஷ் நியம அட்டையின் 223ஆம் இலக்க நடுத்தர வெண்கலப் பச்சையைக் கிட்டிய நிறமாகக் கொள்கிறார்கள். தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் அதை அப்படியே பூசிவிட்டுப் போக என் மனம் ஒப்பாது.

எடுத்த நிறத்தை உள்ளங்கை அளவு தகரத்தில் பூசி, பின்னால் எஞ்சின் நம்பரை ஆணியால் கீறி, கராஜ் சுவரில் தொங்கவிடுவேன். இப்போது பதினொரு தகடுகள் தொங்குகின்றன. நான்கு 803, ஐந்து 948, இரண்டு 1098. மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. கடைசி இரண்டு 948களுக்கும் நம்பரில் அறுநூறுதான் இடைவெளி. ஒன்றில் சற்று மஞ்சள் கூடியிருக்கிறது. தாங்கியில் வர்ணம் முடிந்து புதுத் தகரம் உடைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஓவசியர் ஐயாவின் எஞ்சினை அன்று மூன்று நாளில் மறுபடி பச்சையாக்கிக் கொடுத்தோம். அவர் பொனற்றைத் தூக்கி, குனிந்து, டைனமோப் பக்கம் கையை வைத்துப் பார்த்தார். பிறகு தண்ணீர் இருக்கிறதா என்று றேடியேற்றர் மூடியைத் திறந்தார்.